ஹப் மோட்டார் சக்கரத்தைக் கழற்றுவதும் திரும்பப் பூட்டுவதும்

பின்சக்கரத்தின் ஹப்பிலேயே மோட்டார் வைத்த மின்சார சைக்கிளின் முன்னால் ஸ்பேனரோடு உட்காரும் ஒருவர், பழைய சைக்கிளில் பலமுறை செய்த வேலைதானே இது என்றுதான் முதலில் நினைப்பார். பக்கத்துக்கு ஒரு நட்டு, ஒரு செயின், ஒரு பிரேக். கூடுதலாகக் கண்ணில் படுவது ஆக்சிலின் ஒரு முனையிலிருந்து வெளியே வரும் கறுப்பு வயர் மட்டுமே. அந்த நினைப்போடு வேலையைத் தொடங்கி மாட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருவன் என்பதால், அந்த நினைப்பு எந்த இடத்தில் பிசகுகிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

சாதாரண சைக்கிளில் ஆக்சில் என்பது சக்கரத்தைத் தாங்கும் ஓர் இரும்புத் தண்டு. சக்கரம் அதன்மேல் பேரிங்கில் உருளும். தண்டைத் திருகும் விசை என்று சொல்லத்தக்கதாக எதுவும் வராது. ஹப் மோட்டாரில் செப்புக்கம்பி சுற்றிய பகுதி ஆக்சிலோடு அசையாமல் பிணைக்கப்பட்டிருக்கிறது. காந்தங்கள் உள்ள பகுதி அதைச் சுற்றிச் சுழன்று, நேரடியாகவோ உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் வழியாகவோ சக்கரத்தைத் தள்ளுகிறது. சக்கரம் எவ்வளவு வலுவாக முன்னோக்கித் தள்ளப்படுகிறதோ அவ்வளவு வலுவாக ஆக்சில் பின்னோக்கித் திரும்பப் பார்க்கும். அதைத் தடுப்பதற்காகவே ஆக்சிலின் இரு முனைகளும் எதிரெதிர்ப் பக்கங்களில் தட்டையாகச் சீவப்பட்டிருக்கின்றன. பெரும்பாலான மோட்டார்களில் அந்தத் தட்டைகளுக்கு இடைப்பட்ட கனம் 10 மில்லிமீட்டர்; சைக்கிள் சட்டத்தின் (ஃபிரேமின்) பின்முனையில் ஆக்சில் உட்காரும் பிளவின் அகலமும் அதே அளவுதான். மோட்டார் 40 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு விரல் கனம்கூட இல்லாத அந்தத் தட்டைகளின் ஓரங்கள், இரு பக்கமும் சேர்த்து, முந்நூறு கிலோவுக்கு மேற்பட்ட அழுத்தத்தைப் பிளவின்மேல் செலுத்துகின்றன. இதைத் தாங்குவதற்குத்தான் பிளவுக்குள் போய் உட்காரும் நாக்கு வைத்த வாஷரும், சில சைக்கிள்களில் ஆக்சிலைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்கும் டார்க் ஆர்ம் எனப்படும் இரும்புப் பட்டையும் இருக்கின்றன.

இரண்டாவது விஷயம் அந்தக் கறுப்பு வயர். ஆக்சில் முனை உள்ளே குடையப்பட்டிருக்கிறது. மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுபோகும் மூன்று தடித்த வயர்களும், காந்தம் எந்த நிலையில் இருக்கிறது என்று, மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கண்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சார்களின் ஐந்து மெல்லிய வயர்களும், பல மோட்டார்களில் வேகத்தைக் கணக்கிடும் இன்னொரு வயரும் ஒரே உறைக்குள் அடங்கி அந்தத் துளை வழியாக வெளியே வருகின்றன. நட்டு தளர்ந்து ஆக்சில் பிளவுக்குள் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், கரும்பு ஆலையில் சிக்கிய சோகை போல அந்த வயர் முறுகிவிடும்.

எனக்கு அது நடந்தது ஏற்காடு அடிவாரத்தைத் தாண்டிய ஏற்றத்தில். முந்தின நாள் மாலை டயர் மாற்றிவிட்டு, நாக்கு வைத்த வாஷரை நாக்கு வெளிப்பக்கம் பார்க்கும்படி திருப்பிப் போட்டு நட்டை முடுக்கியிருந்தேன். நட்டு இறுகியதால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரிந்தது. சமவெளியில் சேலத்துக் கோரிமேடு வரை எந்தக் குறையும் இல்லை. ஏற்றத்தில் த்ராட்டிலை முழுதாகத் திருகிய இடத்தில் பின்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம். சக்கரம் ஒருமுறை குலுங்கி நின்றது. இறங்கிப் பார்த்தால் ஆக்சில் முனையில் வயர் இரண்டு சுற்று முறுகி, உறை கிழிந்து, மஞ்சளும் பச்சையும் செம்பு தெரிய ஒட்டிக்கொண்டிருந்தன. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நகரவும் முடியவில்லை, ஏனென்றால் அந்த வயர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும்போது சக்கரம் சேற்றில் மாட்டியது போல இழுத்து இழுத்துத்தான் சுற்றும். ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள வாஷரைத் திருப்பிப் போட்டதற்கு மோட்டாரையே பிரித்து வயர் மாற்ற வேண்டியதாயிற்று.

இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால், பின்வரும் ஒவ்வொரு படியும் எதற்காக என்பது தானாக விளங்கும். நான் இங்கே சொல்வது 250 வாட்டுக்கு உட்பட்ட, மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத, அதனால் பதிவு எண்ணும் ஓட்டுநர் உரிமமும் தேவைப்படாத மின்சார சைக்கிளைப் பற்றி மட்டுமே. மின்சார ஸ்கூட்டர்களிலும் ஹப் மோட்டார் உண்டு என்றாலும், அவற்றின் எடையும் மின்னழுத்தமும் வேறு; அவற்றை வீட்டு வாசலில் வைத்துக் கழற்றும்படி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கழற்றத்தான் வேண்டுமா?

வெறும் பஞ்சருக்காகச் சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. கோரிமேட்டுப் பக்கம் சாலையோரம் பஞ்சர் ஒட்டும் பெரியவர் ஒருவரிடம் முதன்முறை சைக்கிளை நிறுத்தி, “அண்ணே, இதுல மோட்டார் இருக்கு, கழட்டத் தெரியுமா?” என்று கேட்டேன். அவர் சக்கரத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, “எதுக்குங்க தம்பி கழட்டணும்? ஓட்டை டியூப்லதானே இருக்கு” என்றார். சைக்கிளை ஸ்டாண்டிலேயே விட்டு, டயரின் ஒரு பக்க விளிம்பை மட்டும் ரிம்முக்கு வெளியே எடுத்து, டியூபைத் தேவையான அளவு இழுத்து, காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கி, ஒட்டுப் போட்டுத் திரும்பத் திணித்து அனுப்பிவிட்டார். ஆக்சிலில் கையே வைக்கவில்லை. பஞ்சரான இடம் தெரியும் என்றால் இதுவே சரியான வழி. நகரத்துக்குள் நின்றால் எந்தப் பஞ்சர் கடையிலும் இதைச் செய்வார்கள்.

டியூபையே மாற்ற வேண்டும், டயர் தேய்ந்துவிட்டது, ஸ்போக்ஸ் கம்பி முறிந்துவிட்டது, மோட்டார் உள்ளே கரகரக்கிறது என்றால் கழற்றித்தான் ஆக வேண்டும். அதிலும் ஸ்போக்ஸ் முறிவது ஹப் மோட்டார் சக்கரத்தில் அடிக்கடி நடக்கும். ஹப் பெரிதாக இருப்பதால் கம்பிகள் குட்டையாகவும் சாய்வு அதிகமாகவும் இருக்கும், பாரம் ஏற்றிக் குழியில் இறங்கினால் வளைவுப் பகுதியில் அறுந்துவிடும். சைக்கிள் உத்தரவாதக் காலத்துக்குள் இருந்து, கோளாறு மோட்டாரிலேயே இருக்கும்பட்சத்தில், விற்ற இடத்தில் கேட்டுவிட்டு ஸ்பேனரை எடுப்பது நல்லது.

எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை

ஆக்சில் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர்தான் முதல் தேவை. 12 மில்லிமீட்டர் ஆக்சிலுக்குப் பெரும்பாலும் 18 அல்லது 19 எண் ஸ்பேனர் பொருந்தும்; 14 மில்லிமீட்டர் ஆக்சிலாக இருந்தால் 21 அல்லது 22 தேவைப்படலாம். வாங்கும் முன் நட்டின் மேல் வைத்துப் பார்த்துவிடுங்கள். ஸ்க்ரூ ஸ்பேனரைத் தயவுசெய்து இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். அது ஒரு நூல் தளர்வாக இருந்தாலும் நட்டின் முனைகளை மழுக்கிவிடும், மழுங்கிய நட்டை ஏற்காட்டு நாகலூர்ச் சாலையில் எவராலும் கழற்ற முடியாது. முடிந்தால் கொஞ்சம் நீளமான கைப்பிடி உள்ள ரிங் ஸ்பேனராகப் பார்த்து வாங்குங்கள். ஆனால் வயர் வெளியே வரும் பக்கத்தில் ரிங் ஸ்பேனர் நுழையாது; அதற்கு வாய் திறந்த ஸ்பேனர் ஒன்று வேண்டும்.

இவை தவிர, கேபிள் டைகளை வெட்ட ஒரு கட்டிங் பிளேயர், புதிய கேபிள் டைகள் நான்கைந்து, டயரை நெம்ப இரண்டு டயர் லீவர், துடைக்கக் கொஞ்சம் பனியன் வேஸ்ட், ஒரு முழம் கட்டுக்கம்பி. கட்டுக்கம்பி எதற்கு என்பது வாஷரைக் கழற்றும்போது தெரியும். மழைக்காலம் முழுவதும் நனைந்த சைக்கிள் என்றால், நட்டின் மரையில் துரு இளக்கும் ஸ்பிரேயை முதல் நாள் இரவே ஒரு துளி விட்டு வைக்கலாம். அந்தத் துளி டிஸ்க் பிரேக்கின் தட்டில் படக்கூடாது. எண்ணெய் பட்ட தட்டு பிரேக் பிடிக்காது, மலைச்சாலையில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து சீட்டிலும் ஹேண்டில்பாரிலும் நிற்க வைப்பது நம் ஊரில் வழக்கம். மின்சார சைக்கிளில் ஹேண்டில்பார் மேல் டிஸ்ப்ளே, த்ராட்டில், பிரேக் வயர் எல்லாம் இருப்பதால், கவிழ்ப்பதானால் அடியில் சாக்கை மடித்துப் போட்டு, டிஸ்ப்ளே தரையைத் தொடாதபடி இரு பக்கமும் செங்கல் முட்டுக் கொடுக்க வேண்டும். எண்ணெயால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் உள்ள சைக்கிளை நெடுநேரம் கவிழ்த்து வைத்தால் குழாய்க்குள் காற்றுக்குமிழ் இடம் மாறி, லீவர் தொளதொளவென்று ஆகிவிடக்கூடும். எங்கள் வீட்டில் கூடத்து ஊஞ்சல் கொக்கியில் கயிறு கட்டி, சீட்டின் அடியில் சுருக்குப் போட்டுப் பின்பக்கத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிவிடுவேன். நான் பார்த்தவற்றில் இதைவிடச் சௌகரியமான ஏற்பாடு கிடையாது. முதுகும் வலிக்காது, சக்கரம் கீழே நழுவி இறங்கவும் இடம் இருக்கும்.

பேட்டரியும் வயரும்

சுவிட்சை அணைத்து, சாவியால் பேட்டரியைத் திறந்து எடுத்து, தனியே வையுங்கள். 36 வோல்ட் பேட்டரி என்று எழுதியிருந்தாலும் முழுதாகச் சார்ஜ் ஏறிய நிலையில் அதில் 42 வோல்ட் இருக்கும். ஷாக் அடிக்கும் என்பதைவிட, ஈரக் கையோடு இரும்பு ஸ்பேனர் இரண்டு முனைகளையும் தொட்டுவிட்டால் ஏற்படும் தீப்பொறிதான் கவலைக்குரியது. பேட்டரியை எடுத்த பிறகும் கண்ட்ரோலருக்குள் கெப்பாசிட்டரில் கொஞ்சம் மின்சாரம் தங்கியிருக்கும். டிஸ்ப்ளேயின் பவர் பட்டனைச் சில விநாடி அமுக்கிப் பிடித்தால் அது வடிந்துவிடும். இதைச் சிலர் வேண்டாத வேலை என்று சொல்லக்கூடும். அரை நிமிடம்கூட ஆகாத காரியத்தில் கஞ்சத்தனம் காட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஏற்காட்டிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்திருந்தால் அரை மணி நேரம் பொறுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக் பிடித்து இறங்கிய டிஸ்க் தட்டு விரலைச் சுட்டுவிடும். ஏறி முடித்த கையோடு மோட்டாரின் மேலோடும் தொட முடியாத சூட்டில் இருக்கும்.

கைபேசியை எடுத்து, இரு பக்கமும் அருகில் நின்று படம் எடுங்கள். வயர் எந்தத் திசையில் வெளியே வருகிறது, எந்த இடங்களில் கட்டப்பட்டிருக்கிறது, வாஷர் எப்படி உட்கார்ந்திருக்கிறது, டார்க் ஆர்ம் சட்டத்தில் எங்கே பிடிக்கப்பட்டிருக்கிறது ஆகியவை படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். பிறகு ஆக்சில் முனையிலிருந்து வயரை விரலால் தடவிக்கொண்டே முன்னோக்கிப் போங்கள். ஒரு சாண் தூரத்துக்குள், சட்டத்தின் கீழ்க்கம்பியை ஒட்டி, சுண்டுவிரல் தடிமனில் உருளையான கனெக்டர் ஒன்று இருக்கும். வழியில் உள்ள கேபிள் டை ஒவ்வொன்றையும் வெட்டி எடுங்கள். வெட்டும் வாய் வயரின் உறைக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். ஒரு டையை மறந்துவிட்டுச் சக்கரத்தை இறக்கினால், ஐந்தாறு கிலோ எடையும் அந்த மெல்லிய வயரில் தொங்கும்.

கனெக்டரின் இரு பாதிகளிலும் சிறு அம்புக்குறி ஒன்று செதுக்கியிருக்கும். பொதுவாக அதற்குள் ஒன்பது ஊசிகள் இருக்கின்றன. மூன்று தடித்தவை, ஆறு மெல்லியவை. இதை ஒருபோதும் திருகக்கூடாது. வயரைப் பிடித்து இழுக்கவும் கூடாது. இரண்டு ரப்பர் பாதிகளையும் இரு கைகளின் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பிடித்து, நேர்கோட்டில் இழுக்க வேண்டும். முதல் தடவை மிகவும் இறுக்கமாக இருக்கும். இடம் வலமாக ஆட்டாமல், பனியன் வேஸ்ட்டைச் சுற்றிப் பிடித்தால் வழுக்காது. பிரிந்ததும் இரண்டு வாயையும் சின்னப் பிளாஸ்டிக் உறையால் மூடி ரப்பர் பேண்டு போட்டுவிடுங்கள். சேலத்தில் மேக்னசைட் சுரங்கப் பக்கச் சாலைகளில் ஓடும் சைக்கிள்களில் ஒரு வெள்ளைத் தூள் எல்லா இடுக்கிலும் புகுந்திருக்கும். அது ஊசித் துளைக்குள் போனால் ஊதி எடுப்பது லேசான வேலை இல்லை. பழைய மாடல்களில் இந்தக் கனெக்டருக்குப் பதில் மூன்று தனித்தனி வயர்களும் ஒரு வெள்ளைச் சாக்கெட்டும் கண்ட்ரோலர் பெட்டிக்குள் இருக்கும். அங்கே நிறத்தைப் படம் எடுத்துக்கொள்ளாமல் எதையும் பிரிக்காதீர்கள்.

கனெக்டரைப் பிரித்த கையோடு சக்கரத்தை ஒருமுறை கையால் சுற்றிப் பாருங்கள். முன்பு இழுத்து இழுத்துச் சுற்றிய சக்கரம் இப்போது தாராளமாகச் சுற்றினால், கோளாறு மோட்டாரில் இல்லை, கண்ட்ரோலரில் இருக்கிறது என்று அர்த்தம். பிரித்த பிறகும் அதே இழுவை என்றால் மோட்டாருக்குள்ளோ வயரிலோ ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. பல்சக்கரம் இல்லாத மோட்டாரில் காந்தத்தின் மெல்லிய தடங்கல் எப்போதும் இருக்கும், அதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நட்டும் வாஷரும்

கியர் உள்ள சைக்கிளானால், பின்பக்கம் செயினை மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ரிம் பிரேக்கானால் வயரைக் கொக்கியிலிருந்து விடுவித்து, கட்டைகளை அகற்றி வையுங்கள். டிஸ்க் பிரேக்கில் எதையும் கழற்ற வேண்டியதில்லை. தட்டு சக்கரத்தோடு சேர்ந்து, அதை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் காலிப்பரிலிருந்து நழுவி வந்துவிடும். ஆனால் சக்கரம் வெளியே இருக்கும் நேரத்தில் ஹைட்ராலிக் பிரேக் லீவரை யாரும் அழுத்தக்கூடாது. அழுத்தினால் உள்ளே இருக்கும் பேட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தட்டு திரும்ப நுழையாது. வீட்டில் சிறுவர்கள் இருந்தால் ஓர் அட்டைத் துண்டை நாலாக மடித்துக் காலிப்பர் இடுக்கில் செருகிவிடுவது என் வழக்கம்.

இரு பக்க நட்டும், அந்தந்தப் பக்கம் நின்று பார்க்கும்போது, கடிகார முள் ஓடும் திசைக்கு எதிராகச் சுற்றினால் தளரும். பெடலில் உள்ளதைப் போல இங்கே இடது மரை கிடையாது. நட்டின் மேல் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் மூடி இருந்தால் பிடுங்கி எடுத்துவிட்டு, ஸ்பேனரை நட்டின் அடி வரை முழுதாக நுழைத்து, முதல் அசைவை மட்டும் பலமாகக் கொடுங்கள். ஒரு பக்கத்தை முழுதாகக் கழற்றிவிட்டு மறுபக்கம் போகாமல், இரண்டையும் அரை அரைச் சுற்றாக மாற்றி மாற்றித் தளர்த்துவது ஆக்சிலைக் கோணாமல் வைத்திருக்கும்.

வயர் வரும் பக்கத்து நட்டை முழுதாகக் கழற்ற முயல வேண்டாம். வாஷரின் நாக்கு பிளவிலிருந்து விடுபடும் அளவுக்குத் தளர்ந்தால் போதும். நட்டும் வாஷரும் ஆக்சிலிலேயே இருக்கட்டும். மறுபக்கத்தில் கழன்று வரும் ஒவ்வொன்றையும் அது வந்த வரிசையிலேயே, அது பார்த்த திசையிலேயே கட்டுக்கம்பியில் கோத்து, கம்பியின் இரு முனைகளையும் முறுக்கிவிடுங்கள். நட்டு, தட்டை வாஷர், டார்க் ஆர்ம், நாக்கு வாஷர் என்று மாலை போல அது தொங்கும். சட்டத்துக்கு உட்பக்கம், ஹப்புக்கும் பிளவுக்கும் இடையிலும் ஒன்றிரண்டு வாஷர்கள் இருக்கக்கூடும். டிஸ்க் தட்டு காலிப்பருக்கு நடுவே நிற்பதும் செயின் நேர்கோட்டில் ஓடுவதும் அவற்றைப் பொறுத்தது. கோக்கும்போதே நாக்கு வாஷரைக் கையில் வைத்துப் பாருங்கள். நாக்கு முழுதாக, கூர்மையான ஓரத்தோடு இருக்க வேண்டும். நசுங்கியோ உருண்டையாகவோ தெரிந்தால், அது ஏற்கெனவே ஒருமுறை ஆக்சிலை விட்டுக்கொடுத்திருக்கிறது. அந்த வாஷரைத் திரும்பப் போடாதீர்கள். பிளவின் ஓரங்களையும் நகத்தால் தடவிப் பாருங்கள். அலுமினியச் சட்டத்தில் அங்கே வாய் அகன்றிருந்தாலோ மயிரிழை விரிசல் தெரிந்தாலோ வேலையை அத்தோடு நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும்.

இனிச் சக்கரத்தை இறக்கலாம். இது சாதாரணச் சக்கரத்தைப் போல ஒரு கையில் அடங்கும் எடை இல்லை. மோட்டார் மட்டுமே இரண்டு மூன்று கிலோ இருக்கும். இடக்கையால் டயரை அடியில் தாங்கிக்கொண்டு, வலக்கையால் செயினைப் பின்னால் இழுத்துப் பல்சக்கரத்திலிருந்து விலக்கி, ஆக்சிலைப் பிளவிலிருந்து நேராக நழுவவிடுங்கள். சிக்கினால் சுத்தியலால் தட்டாதீர்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு நாக்கு இன்னும் பிளவுக்குள் இருக்கும், நட்டை இன்னும் ஒரு சுற்றுத் தளர்த்தினால் வந்துவிடும். இறக்கிய சக்கரத்தைப் படுக்க வைக்கும்போது வயர் வரும் முனை மேலே பார்க்க வேண்டும். அந்த முனையைத் தரையில் ஊன்றிச் சக்கரத்தை நிறுத்தினால், மோட்டாரின் மொத்த எடையும் வயரின் கழுத்தில் இறங்கும். டிஸ்க் தட்டு அடியில் வருமானால் செங்கல் இரண்டை வைத்து ரிம்மை அதன்மேல் நிறுத்துங்கள்.

டயர், டியூப் மாற்றும் வேலை மற்ற சைக்கிள்களில் உள்ளதேதான். டயரின் பக்கத்தில் போட்டிருக்கும் அம்புக்குறி சக்கரம் உருளும் திசையைக் காட்டுகிறதா என்பதையும், டயர் லீவர் மோட்டாரின் வயர் பக்கம் போகவில்லை என்பதையும் மட்டும் கவனியுங்கள்.

திரும்பப் பூட்டுதல்

கழற்றுவதைவிட இதற்குத்தான் நிதானம் வேண்டும். முதலில் பிளவையும் ஆக்சிலின் தட்டைகளையும் பனியன் வேஸ்ட்டால் துடைத்து, மண்ணும் பழைய கிரீஸும் இல்லாமல் செய்யுங்கள். செயினைச் சின்னப் பல்சக்கரத்தின் மேல் போட்டுக்கொண்டு, டிஸ்க் தட்டைக் காலிப்பர் இடுக்கில் குறிபார்த்து, ஆக்சிலைப் பிளவுக்குள் ஏற்றுங்கள். உட்பக்க வாஷர்கள் இடம் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆக்சில் பிளவின் அடி வரை போய் முட்டி உட்கார வேண்டும். பாதியில் நிற்கும் ஆக்சிலை நட்டு இழுத்துக்கொள்ளும் என்று நம்பக்கூடாது. கியர் இல்லாத சைக்கிளில் பிளவு பின்னோக்கித் திறந்திருந்தால், செயின் நடுவில் அரை அங்குலம் ஆடும் அளவுக்குச் சக்கரத்தைப் பின்னால் இழுத்து நிறுத்தலாம்.

வயர் ஆக்சிலிலிருந்து வெளியே வரும் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும். அங்கிருந்து வயர் ஒரு சிறு வளைவாகக் கீழே தொங்கி, பிறகு மேலேறிச் சட்டத்தை ஒட்டிப் போக வேண்டும். ஏற்காட்டில் மழை இல்லாத நாளிலும் பனிமூட்டம் எல்லாவற்றையும் நனைத்துவிடுகிறது. வயரின் மேல் ஓடி வரும் தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும். வாய் மேலே பார்த்தால் அதே தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே மோட்டாருக்குள் இறங்கி, பேரிங்கையும் ஹால் சென்சாரையும் கெடுக்கும்.

கட்டுக்கம்பி மாலையைப் பிரித்து, வந்த வரிசையைத் தலைகீழாக்கிப் போடுங்கள். நாக்கு வாஷரின் நாக்கு உட்பக்கம் பார்த்து, பிளவுக்குள் போய் உட்கார வேண்டும். வாஷரின் முகம் சட்டத்தோடு முழுதாக ஒட்ட வேண்டும். இந்த இடத்தில் கைபேசிப் படத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். நட்டைக் கையால் சில சுற்றுச் சுற்றி, மரை நேராகப் பிடித்திருக்கிறது என்று தெரிந்த பிறகே ஸ்பேனரை எடுங்கள். இரு பக்கத்தையும் மாற்றி மாற்றி முடுக்க வேண்டும்.

எவ்வளவு முடுக்குவது என்பதுதான் அடுத்த கேள்வி. சைக்கிளோடு வந்த கையேட்டில் அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். பல ஹப் மோட்டார்களுக்கு அது 35 முதல் 45 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும். முறுக்குவிசையை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் பெரும்பாலும் வீட்டில் இருப்பதில்லை. ஆகவே இப்படிக் கணக்கிடலாம்: 20 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனர் தரைக்குக் கிடையாக நிற்கும்போது, அதன் நுனியில் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றைத் தொங்கவிட்டால் எவ்வளவு அழுத்தம் வருமோ அதுதான் ஏறத்தாழ 40 நியூட்டன் மீட்டர். கேனை ஒரு கையால் தூக்கிப் பார்த்து அந்தக் கனத்தைக் கைக்குப் பழக்கிக்கொண்டு, அதே கனத்தை ஸ்பேனர் நுனியில் கொடுத்தால் பெரிதாகத் தவறாது. பைப்பைச் செருகி, காலால் மிதித்து முடுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வயர் போகும் முனை உள்ளே குடைந்தது என்பதால் அந்தப் பக்கத்து மரைக்கு வலு குறைவு. மரை போய்விட்டால் ஆக்சிலை மாற்ற வேண்டும், அது மோட்டாரையே மாற்றுவதற்குச் சமம்.

முன்சக்கரத்தில் மோட்டார் உள்ள சைக்கிளுக்கு இந்த விதிகள் இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். பின்சக்கரத்து ஆக்சில் நழுவினால் சைக்கிள் நின்றுபோகும். முன்சக்கரம் ஃபோர்க்கிலிருந்து நழுவினால் ஓட்டுகிறவர் முகம் குப்புற விழுவார். முன்பக்கம் அலுமினிய ஃபோர்க்காக இருந்தால், டார்க் ஆர்ம் இல்லாமல் அதை ஓட்டவே கூடாது என்பது என் கருத்து.

கனெக்டரைச் சேர்க்கும்போது இரு அம்புக்குறிகளும் நேருக்கு நேர் பார்க்கட்டும். ஊசிகள் துளையைத் தேடிக்கொள்ளும்வரை மெல்ல அழுத்தி, பிறகு பலமாக ஒரே தள்ளாகத் தள்ளுங்கள். ஒரு பாதியின் உறையில் பொறித்திருக்கும் கோடு வரை அடுத்த பாதி போக வேண்டும். கால் அங்குலம் வெளியே நின்றாலும் பாதி வழியிலேயே நிற்கிறது என்று பொருள். ஊசி வளைந்திருந்தால் மெல்லிய சாமணத்தால் நிமிர்த்திவிட்டே சேருங்கள். அதன் பிறகு புதிய கேபிள் டைகளைப் பழைய இடங்களிலேயே போட்டு, வயர் ஸ்போக்ஸையோ டிஸ்க் தட்டையோ செயினையோ தொடவில்லை என்று சக்கரத்தைக் கையால் பலமுறை சுற்றிப் பாருங்கள்.

பேட்டரியை மாட்டும்போது சக்கரம் இன்னும் தரைக்கு மேலேயே இருக்கட்டும். சுவிட்சைப் போட்டு, த்ராட்டிலை மிக மெல்லத் திருகுங்கள். சக்கரம் சத்தமில்லாமல் உருண்டால் எல்லாம் சரி. திக்கித் திக்கி நடுங்கினாலோ, உறுமிக்கொண்டு நகராமல் நின்றாலோ, டிஸ்ப்ளேயில் பிழை எண் வந்தாலோ உடனே அணைத்துவிட்டுக் கனெக்டரைத் திரும்பப் பாருங்கள். பத்தில் ஒன்பது தடவை ஏதோ ஓர் ஊசி சரியாக உட்காராததே காரணமாக இருக்கும். பிறகு பிரேக் லீவரை நாலைந்து முறை அழுத்திப் பிடிமானத்தைச் சோதித்துவிட்டு, கயிற்றை அவிழ்த்துச் சைக்கிளைத் தரையில் இறக்கலாம்.

முதல் ஓட்டம் சமதரையில் இருக்கட்டும். கடைசியாக ஒன்று செய்வேன்: நட்டின் முகத்திலிருந்து ஆக்சில் நுனி வரை நகப்பூச்சால் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுவேன். அஸ்தம்பட்டியிலிருந்து அடிவாரம் போய்ச் சேர்ந்ததும், மலை ஏறுவதற்கு முன்னால், டீ சொல்லிவிட்டு அந்தக் கோட்டைக் குனிந்து பார்ப்பேன். கோடு நேராக இருந்தால் ஏறலாம். நட்டில் ஓர் இடத்திலும் ஆக்சிலில் ஓர் இடத்திலுமாக முறிந்து நின்றால், நட்டு நகர்ந்திருக்கிறது, பையில் இருக்கும் ஸ்பேனரை எடுத்து அங்கேயே முடுக்க வேண்டும்.